நனைந்தும் குலையாத வலை

மழை நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தராசு காட்டும் கிலோ ஒன்று, பெயருக்கு நேரே விழும் கிலோ இன்னொன்று. இடையில் போனது சாக்குக்கும் தண்ணிக்கும். சாக்கைத் தனியாக நிறுத்துப் பார்த்துவிடலாம். தண்ணியை எப்படி நிறுப்பது? இலையின் மேல் எவ்வளவு ஈரம் ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர் நிறுப்பவர். காலையிலிருந்து படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நின்று பறித்தவள் அதை மறுக்க நினைத்தால், எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கங்களில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வாக்குவாதம்.

நிறுத்த கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போனதும் அதே ஈரம் வேறொருவர் பொறுப்புக்கு மாறுகிறது. வாட்டுத் தட்டுகளில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றைச் செலுத்தி, 12 மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டுவார்கள். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். 100 கிலோ கொழுந்து கடைசியில் ஏறத்தாழ 21, 22 கிலோ தேயிலையாகத்தான் பெட்டிக்குப் போகும். எந்த நேரத்தில் வாட்டத்தை நிறுத்துவது என்பது டீமேக்கரின் கைப்பழக்கம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பந்தாக்கி விடுவார். பந்து சட்டென்று விரிந்தால் வாட்டம் போதாது. உருவம் குலையாமல் மெல்ல அவிழ்ந்தால் அரைக்க அனுப்பலாம். சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் ஈரப்பதனைச் சொல்லும். ஆனாலும் கை சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

கையிலும் கண்ணிலும் இருக்கிற இந்த அறிவை ஒரு பொருளின் துளைகளுக்குள் இறக்கிவைக்க முடியுமா என்று முயன்றுவரும் இரசாயனத் துறை ஒன்று இருக்கிறது. வயது இருபதைக் கடந்துவிட்டது. அது எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் நீளம்: பங்கீட்டுப் பிணைப்புச் சேதனச் சட்டகம். சேதனம் என்றதும் மலைநாட்டில் 2021இன் சேதனப் பசளைக் கூத்துதான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் பாடசாலை இரசாயனப் புத்தகத்துப் பொருளில், காபன் சேர்வைகளைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் இதையே சகப்பிணைப்பு, கரிமம் என்ற சொற்களால் சொல்வார்கள். ஆய்வாளர்கள் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டிச் சுருக்கமாகக் 'கோஃப்' என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

தேன்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு மூலையும் ஒரு மூலக்கூறு, ஒவ்வொரு சுவரும் இன்னொரு மூலக்கூறு. மூலைக்கும் சுவருக்கும் இடையில் அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் உறுதியான பிணைப்பு. இப்படிப் பரந்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால், அறைகள் நேர்க்கோட்டில் அமைந்து நீண்ட குழாய்களாகிவிடும். குழாயின் அகலம் ஒரு சில நனோமீற்றர். காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், போரன் போன்ற இலேசான மூலகங்கள்தான் கட்டுமானப் பொருள்கள், உலோகம் கிடையாது. 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒமர் யாகியும் அட்ரியன் கோட்டேயும் உடன் ஆய்வாளர்களும் முதல் இரண்டு கோஃப்களை வெளியிட்டார்கள். அவற்றில் கோஃப்-5 எனப்பட்டதன் உட்பரப்பு கிராமுக்கு 1,590 சதுர மீற்றர். நம் ஊர்க் கணக்கில் 63 பேர்ச். தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று பேசப்பட்டதே, அதில் ஒன்பது துண்டுக் காணி ஒரு கிராம் தூளுக்குள் மடிந்து கிடக்கிறது.

யாகியின் பெயர் 2025இல் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. உலோக சேதனச் சட்டகங்களுக்காக அவருக்கும் சுசுமு கித்தகாவாவுக்கும் றிச்சர்ட் றொப்சனுக்கும் அந்த ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. கோஃப் அந்தக் குடும்பத்தின் உலோகமில்லாத கிளை. அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்த யாகி, வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், வரும்போது ஓடிப்போய்ப் பிடித்துவைக்க வேண்டும் என்று தம் சிறுவயதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற லயத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டகங்களின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவை தொடக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கல். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பளிங்காக வேண்டுமென்றால், தவறாக ஒட்டிய ஒரு மூலக்கூறு கழன்று திரும்பவும் சரியாக ஒட்ட வழியிருக்க வேண்டும். அதாவது பிணைப்பு மீளக்கூடியதாக இருக்க வேண்டும். உருவாகும்போது நீரை வெளியேற்றி ஒட்டும், நீர் திரும்பி வந்தால் கழன்றுவிடும். பளிங்கின் அழகுக்குக் காரணமான அந்தக் குணமேதான் அதன் பலவீனமும். தொடக்ககாலப் போரன் வகைகள் ஈரக்காற்று பட்டாலே மெல்ல மெல்லச் சிதைந்தன. ஈரம் அறிவதற்கென்று ஆசைப்பட்ட பொருள் ஈரத்திலேயே கரைந்துபோகுமென்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த முடிச்சை அவிழ்த்ததில் பெரிய பங்கு இந்தியாவுக்கு உண்டு. புனேயின் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் அப்போது பணியாற்றிய ராகுல் பானர்ஜி, சரத் கந்தம்பேத் முதலிய மாணவர்களோடு 2012இல் ஒரு வழியைக் காட்டினார். கல்கட்டும் மேசன் முதலில் கல்லை வைத்துப் பார்ப்பான், எடுப்பான், திருப்பி வைப்பான். சரியாக உட்கார்ந்த பிறகுதான் சாந்து பூசுவான். பானர்ஜியின் இரசாயனமும் அப்படித்தான். அல்டிகைட்டும் அமீனும் முதலில் மீளக்கூடிய இமைன் பிணைப்பால் சேர்கின்றன, பிழைகள் திருந்துகின்றன, பளிங்கு உருவாகிறது. அதன்பின் அந்தப் பிணைப்புக்கு அருகிலுள்ள ஒட்சிசனிலிருந்து ஓர் ஐதரசன் நைதரசனுக்கு இடம் மாறி, எல்லாம் வேறோர் அமைப்பில் பூட்டப்பட்டுவிடுகிறது. இரண்டாவது படிக்குத் திரும்பும் வழியில்லை. இப்படி உருவான பொருள்களைக் கொதிநீரிலும் கடும் அமிலத்திலும் போட்டுப் பார்த்தார்கள்; பளிங்கு அப்படியே இருந்தது.

இந்தப் பூட்டைச் சாத்தியமாக்கிய அல்டிகைட்டின் நடுவில் இருப்பது புளோரோகுளுசினோல் என்ற வளையம்: ஆறு காபன்கள், ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஒட்சிசன்கள். தேயிலைக் கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணமான கற்றெக்கின் மூலக்கூறை வரைந்து பார்த்தால், அதன் ஒரு பக்க வளையத்தில் ஒட்சிசன்கள் இதே முறையில்தான் அமர்ந்திருக்கும். தேயிலையிலிருந்து கோஃப் செய்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொருள்கள், அவ்வளவுதான். ஆனால் ஸ்டோரில் அரைத்த கொழுந்து செம்பு நிறமாகும் அறைக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒற்றுமை நினைவுக்கு வருகிறது.

சரி, குலையாத வலை கிடைத்துவிட்டது. அது 'துலங்க' வேண்டுமே? உயிரியல் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்திருப்போம். தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் சுருங்கும். அது உயிருள்ள இலை, உயிரணுக்களுக்குள் நீரமுக்கம் மாறுவதால் மடிகிறது. பொருள்களின் துலங்கலுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் மலைநாட்டுப் பைனஸ் காடுகளில் காலடியில் கிடக்கும் காய். அது செத்துப்போன மரத்துண்டு. வெயிலில் செதில்கள் விரியும், மழையில் மூடிக்கொள்ளும். செதிலின் ஒரு பக்கம் நீரை ஏற்று வீங்குகிறது, மறுபக்கம் அவ்வளவாக வீங்குவதில்லை. வளைவு அதனால் வருகிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்த காயும் இதைச் செய்யும். உயிர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், அமைப்பு மட்டும் போதும். 'சூட்டிகைப் பொருள்கள்' என்று விளம்பரங்களில் வருவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் காயின் தத்துவம்தான்.

கோஃப்களைத் தூண்டப் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். ஒளியால் தூண்டுவது ஒன்று. டொங்லின் ஜியாங்கின் குழு 2015இல், அந்திரசீன் வளையங்கள் அடுக்கிய ஒரு கோஃப் மீது புறவூதா ஒளியைப் பாய்ச்சியபோது, மேலும் கீழும் உள்ள தாள்களின் வளையங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன, சூடாக்கியதும் விட்டுவிட்டன. சீனாவின் லான்சோ பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட முப்பரிமாணச் சட்டகம், கரைப்பானின் ஆவி உள்ளே புகுந்தால் விரிந்து, வெளியேறினால் சுருங்கியது. மூச்சு விடுவது போல. அமிலத்துக்குத் துலங்குபவை, வெப்பத்துக்குத் துலங்குபவை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் இங்கே அடுக்க விருப்பமில்லை. நம் ஊருக்கு வேண்டியது ஈரம்.

ஈரத்துக்கு நிறம் மாறும் பொருள் புதிதல்ல. மாத்திரைப் போத்தலிலும் கமராப் பெட்டியிலும் வரும் நீலச் சிலிக்கா மணிகளைப் பார்த்திருப்போம். கோபாற்றுக் குளோரைட்டு பூசிய அந்த மணிகள் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பா அந்த உப்பை வகைப்படுத்தியதால் அவற்றின் இடத்துக்குச் செம்மஞ்சள் மணிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை மெதுவானவை; ஈரம் போதுமா போதாதா என்று மட்டும் சொல்லும்.

ஜேர்மனியின் மியூனிச் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பைனும் புளோரியன் அவுராஸும் சேர்ந்த குழு 2018இல் வெளியிட்டது வேறு தரத்தில் இருந்தது. கோஃபை மெல்லிய படலமாக, துளைகள் நிமிர்ந்து நிற்கும்படி வளர்த்தார்கள். நீராவி துளைக்குள் புகுந்ததும் சட்டகத்தின் இலத்திரன் அமைப்பே சற்று மாறுகிறது. அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறம் மாறுகிறது. ஆவி போனதும் பழைய நிறம். இதற்கு எடுத்த நேரம் 200 மில்லிசெக்கனுக்கும் குறைவு, கடைகளில் கிடைக்கும் ஈரப்பதன் உணரிகளைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். 4,000 முறை நனைத்து உலர்த்தியும் படலம் அப்படியே வேலை செய்தது.

வேகத்தைத்தான் எல்லோரும் தலைப்பாக்கினார்கள். எனக்கு 4,000 என்ற எண் முக்கியமாகப் படுகிறது. ஒருமுறை துலங்குவது எளிது. தீக்குச்சியும் உரசினால் துலங்குகிறது. நாலாயிரமாவது முறையும் முதல்முறை போலத் திரும்பி வருவதுதான் கடினம். பானர்ஜியின் பூட்டு இறுகியது. மியூனிச் படலத்தில் சட்டகம் இறுக்கமாகவும், அதற்குள் இலத்திரன்களின் பரம்பல் நெகிழ்வாகவும் இருக்கின்றன. 2020இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தையும் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இன்னும் குறும்பான வேலை ஒன்றைச் செய்தார்கள். பானர்ஜி பயன்படுத்திய அதே ஐதரசன் இடமாற்றத்தை முழுதாகப் பூட்டாமல், நீர் வந்தால் ஒருபக்கம், போனால் மறுபக்கம் என்று திரும்பும்படி வடிவமைத்தார்கள். பூட்டே உணரியாகிவிட்டது.

இதையெல்லாம் வாட்டு அறையில் வைத்துப் பார்க்கலாம். உடப்புசல்லாவைப் பிரதேசம் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை நேரே வாங்கும். நவம்பரிலிருந்து சனவரி வரை நனைந்த கொழுந்து வந்துகொண்டே இருக்கும், காற்றும் நனைந்தே இருக்கும். நீர் போக இடமிருக்காது. பிறகு வறண்ட குளிரும், ஆண்டின் நடுவில் ஊவாப் பக்கத்துக் காற்றும் வரும்போதுதான் பேர்பெற்ற தேயிலை கிடைக்கும். மழைக்காலத்தில் ஸ்டோர்கள் விறகெரித்துக் காற்றைச் சூடாக்கி வாட்டுகின்றன. சூடு கூடினால் மணம் போகும், குறைந்தால் இலை அழுகும். காற்றைச் சூடாக்காமல், அதிலுள்ள நீரை மட்டும் எடுத்துவிட முடிந்தால்?

பானர்ஜியின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு அருகில் வருகிறது. வழக்கமாக ஒரு கோஃபை உருவாக்கக் கண்ணாடிக் குழாயில் கரைப்பானோடு அடைத்து 120 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைக்க வேண்டும். அவர்கள் வழிமுறையில் கரைப்பான் வெள்ளம் இல்லை. அமீனையும் ஓர் அமிலத்தையும் அரைத்து உப்பாக்கி, அல்டிகைட்டைச் சேர்த்து, சிறிது நீர்விட்டுக் களிமண் பதத்தில் பிசைந்து, சூடாக்கினால் சில செக்கன்களில் பளிங்கு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சுடுமண் முறை. குயவர் செய்வதுபோல வேண்டிய வடிவத்தில் பிடித்துச் சுட்டெடுக்கலாம். இரட்டைத் திருகு இயந்திரத்தில் விட்டுத் தொடர்ச்சியாகவும் வார்க்கலாம். கிராமுக்கு 3,000 சதுர மீற்றர் வரை உட்பரப்பு வந்தது. மணிகளாக உருட்டிய கோஃப், காற்றிலிருந்து நீரை எடுப்பதில் முன்னணிச் சியோலைற்றுகளை மிஞ்சியது. அம்மி, களிமண், சூளை என்று பழைய கைத்தொழிலின் மொழியில் ஒரு புதிய இரசாயனம் எழுதப்பட்டது இதில் எனக்குள்ள கூடுதல் மகிழ்ச்சி.

யாகியின் பேர்க்லி ஆய்வுகூடம் 2020இல் வெளியிட்ட கோஃப்-432 இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 20 முதல் 40 சதவீதச் சாரீரப்பதனுக்குள் அது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத நீரை ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற பாதையிலேயே இறங்குகிறது. விட்டுவிடச் சொல்ல அதிகச் சூடு தேவையில்லை, 300 சுற்றுக்குப் பிறகும் களைப்பில்லை. சிலிக்காவும் சியோலைற்றும் நீரைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடமாட்டா. அவற்றை மறுபடி உலர்த்தும் சூட்டுக்கே விறகு போய்விடும்.

ஆகவே ஸ்டோரில் இதைப் போடலாமா என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 கிலோ கொழுந்து, ஈரம் 78 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதை 55 சதவீதத்துக்கு வாட்டினால் ஏறத்தாழ 510 கிலோ நீர் வெளியேற வேண்டும். தன் எடையில் 30 சதவீதம் நீர் ஏற்கும் பொருளால் இதை ஒரே மூச்சில் எடுக்க 1,700 கிலோ பொருள் தேவை. இரவுக்குள் இருபது முறை ஏற்றி இறக்கினாலும் 85 கிலோ. ஆய்வுகூடங்கள் இவற்றைக் கிராம் கணக்கில் செய்கின்றன. அந்தப் புளோரோகுளுசினோல் அல்டிகைட்டின் விலையோ எந்தத் தோட்ட முகாமையாளரையும் சிரிக்கவைக்கும். இத்தனைக்கும் ஆயிரம் கிலோ கொழுந்து ஒரு சிறு ஸ்டோருக்கே ஒரு மூலையில் போடும் அளவு. வாட்டும் வேலைக்குக் கோஃப் இப்போதைக்கு ஒத்துவராது. விசிறியும் விறகும் இன்னும் நெடுநாள் இருக்கும்.

உணரி வேறு விடயம். படலத்துக்கு மில்லிகிராம் போதும். தட்டின் மேல் போகும் காற்றும் கீழிருந்து வரும் காற்றும் எவ்வளவு நீர் சுமந்திருக்கின்றன என்று இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால், இலையை விட்டு எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று கூட்டிச் சொல்லிவிடலாம். அரைத்த கொழுந்து நிறம் மாறும் அறையில் சாரீரப்பதனை 95 சதவீதத்துக்குக் கிட்டவே வைத்திருப்பார்கள். அவ்வளவு ஈரத்தில் சாதாரண இலத்திரனியல் உணரிகள் தடுமாறும். நிறத்தைப் பார்த்துப் படிக்கும் படலத்துக்கு அந்த இடம் ஒரு நல்ல பரீட்சைக்களம் என்று நினைக்கிறேன். 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வாட்டத்தின் நுணுக்கம் நன்றாகவே தெரியும்.

துலங்கும் பொருள்களைப் பற்றிப் பேசும்போது மண்ணையும் விடமுடியாது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நில்வலா கொத்தெகொட முதலானோர், 2011இல் ஒரு பசளையை வெளியிட்டார்கள். எலும்பிலுள்ள கல்சியம் பொசுபேற்று வகையான ஐதரொட்சிஅப்பரைற்றை நனோ துணிக்கைகளாக்கி, யூரியாவை அதன்மேல் ஏற்றி, தோட்ட ஓரங்களில் நிற்கும் கிளிரிசிடியா மரத்துண்டுகளின் நுண்துளைகளுக்குள் புகுத்தினார்கள். நாட்டின் மூன்று உயரங்களிலிருந்து எடுத்த மண்ணில், பீஎச் 4.2, 5.2, 7 என்று மூன்று நிலைகளில், நைதரசன் எப்படி வெளிவருகிறது என்று பார்த்தார்கள். வழக்கமான பசளை தொடக்கத்திலேயே கொட்டிவிட்டு முப்பது நாளளவில் தீர்ந்தது. இது அறுபதாவது நாளிலும் மெல்லக் கசிந்தது. 2017இல் அதே குழு, மரமில்லாமல், யூரியாவை ஆறுக்கு ஒன்று என்ற அளவில் ஏற்றிய கலவையை நெல்வயலில் இட்டு, பாதி யூரியாவில் விளைச்சல் எடுத்துக் காட்டியது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைபட்டு, அந்த ஆண்டே பெருமளவு தளர்த்தப்பட்டபோது, மலைகளில் கொழுந்து ஒடுங்கி மஞ்சளாகி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வின் மதிப்பு தெரியும். நாட்டின் கையில் ஏற்கெனவே ஒரு நடுவழி இருந்தது. அதை எடுத்துப் பார்க்காமலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்தார்கள்.

ஆனால் அந்தப் பசளை மெதுவாக விடுகிறதே தவிர, கேட்டு விடுவதில்லை. செடி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது தன்பாட்டில் விட்டுக்கொண்டிருக்கும். துலங்கும் சட்டகம் என்றால் அது நிலைமையைப் பார்த்துத் திறக்க வேண்டும். பூட்டப்படாத இமைன் கோஃப்கள் அமிலத்தில் அவிழ்பவை. தேயிலை விரும்பும் மண்ணோ பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. மருந்தை உடலுக்குள் சுமந்துபோய் அமிலம் கூடிய இடத்தில் இறக்கும் கோஃப்களை ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள். அதே யோசனையை மருந்தின் இடத்தில் பசளையை வைத்துத் தேயிலை மண்ணுக்குக் கொண்டுவரலாம் என்பது என் ஊகம். விலை குறுக்கே நிற்கும். மருந்துக்கு மில்லிகிராம் போதும், ஏக்கருக்குப் போதாது. மரத்துண்டுக்குள் யூரியாவை வைத்த கொத்தெகொடவின் வழி இந்த விதத்தில் எனக்கு அதிக அறிவுள்ளதாகத் தெரிகிறது: துளைகளை ஆய்வுகூடத்தில் கட்டாமல் வேலியிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வலப்பனையில் ஈரம் என்றால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 2007 சனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா மாவட்டம் மறுபடி சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மழையை வைத்து எச்சரிக்கையை மூன்று படிகளாக ஏற்றுகிறது. மூன்றாவது படி வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

மலையும் ஒரு துளைப் பொருள்தான். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால் சரிவு நிற்கிறது. துளைகளில் நீர் நிறைந்து அமுக்கம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது என்பதைக் கார்ல் தெர்சாகி 1920களிலேயே விளக்கிவிட்டார். கோஃபிலிருந்து இதைப் பிரிப்பது ஒன்றே: மலை திரும்பி வராது. நாலாயிரம் சுற்றெல்லாம் இல்லை, ஒரு சுற்றுத்தான். இங்கே 200 மில்லிசெக்கன் வேகத்துக்கு வேலையில்லை. மலை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நனைகிறது. துளையின் நீரமுக்கத்தை அளக்க மண்ணுக்குள் இறக்கும் பழைய குழாய்களே போதும். பழைய தோட்ட முறையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, வருடா வருடம் தூர்வாரி, நீரை மண்ணுக்குள் தேங்கவிடாமல் ஓடைக்குத் திருப்புவார்கள். கான் வெட்டுவது இப்போது பல மலைகளில் நின்றுபோயிற்று. கூலிக்கணக்கில் முதலில் வெட்டப்பட்டது கான் வெட்டும் பேர்தான். எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. லயத்தை விட்டு எங்கே போவது என்பதற்கு எந்தப் படலமும் நிறம் மாற்றிப் பதில் சொல்லாது. இந்த இடத்தில் கோஃபை இழுத்துவந்து பேசுகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் திரும்பிவிடுகிறேன். அங்கே கேள்வி காற்றின் ஈரம் பற்றியது அல்ல, இலை மேல் ஒட்டிய நீர் பற்றியது. நீராவியை அறியும் படலத்தின் மேல் நேரே நீர்த்துளி விழுந்தால் அது ஒரேயடியாக நிறைந்துபோய், கொஞ்சமா நிறையவா என்று சொல்லத் தெரியாமல் நிற்கும். வேறு வழி இருக்கிறது. கூடையிலிருந்து ஒரு கைப்பிடி கொழுந்தை மூடிய சிறு பெட்டியில் போட்டு, அளவான காற்றை ஒரு வேகத்தில் அதன் ஊடே செலுத்தி, வெளியே வரும் இடத்தில் படலத்தை வைக்கலாம். மேலே ஒட்டிய நீர் முதலில் விரைவாகப் போகும். இலைக்குள் இருக்கும் நீர் அதன் பிறகு மெதுவாக வரும். இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள முறிவைப் பிடிக்க வேகமான உணரி வேண்டும். மியூனிச் படலத்தின் வேகத்துக்கு ஒரு நியாயம் இங்கே கிடைக்கிறது. கொழுந்தின் சாறும் தூசியும் பட்டால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தோட்டத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாளுக்கு மூன்று நிறுவை, மாதத்துக்கு 25 நாள் வேலை என்று கொண்டால், 4,000 சுற்று என்பது நான்கு வருடமும் சில மாதமும். பெட்டியை யார் பக்கம் திருப்பி வைப்பது என்று கேட்டால், நான் தராசுக்கு மேலே, கூடையோடு வரிசையில் நிற்பவளுக்கும் தெரிகிற உயரத்தில் தொங்கவிடுவேன்.